கடலோர வெக்கையும் அடைமழையும் தாங்கும் காட்டுப்பூ விதைகள்: தேர்வு முதல் விதைப்பு வரை

சென்னையிலிருந்து கடலூர், நாகப்பட்டினம் வரை நீளும் கடலோரத்தில் காட்டுப்பூ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது, படம் போட்ட விதைக்கலவைப் பொட்டலம் ஒன்றைத்தான். அட்டையில் சிவப்பு பாப்பியும் நீலக் கார்ன்ஃபிளவரும் மஞ்சள் கலிபோர்னியா பாப்பியும் அலையடிக்கும். இவையெல்லாம் குளிர்நாட்டுச் செடிகள். மண் 15 முதல் 20 டிகிரி வரை குளிர்ந்திருக்கும்போதுதான் நன்றாக முளைக்கும். சென்னையில் தை மாத இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது. தப்பித் தவறி முளைத்தவையும் தண்டு நீண்டு, ஒல்லியாகி, காற்றின் ஈரத்தில் அடித்தண்டு அழுகிச் சாயும். அந்தக் கலவையில் பிழைப்பவை காஸ்மாஸ், கெய்லார்டியா, ஜின்னியா போன்றவை மட்டுமே. அவை அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை. தொட்டியில் வைக்கத் தடையில்லை. ஆனால் அவற்றை நம் மண்ணின் காட்டுப்பூ என்று சொல்ல முடியாது. ஆரஞ்சு நிறக் காஸ்மாஸ் தொட்டியை விட்டு இறங்கிப் புறம்போக்கில் பரவவும் செய்யும்.

ஆகவே விதைத் தேர்வை மழையிலிருந்து தொடங்க வேண்டும். சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. அதற்கு முன் ஆடி, ஆவணியில் மாலை நேரத் தூறல். அதற்குப் பின் தையிலிருந்து ஏறக்குறைய ஆறு மாத வறட்சி. கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம். இந்த மூன்றையும் தாங்கும் செடி எதுவென்று தேட நர்சரிக்குப் போக வேண்டாம், ரயில் பாதை ஓரத்தையும் காலி மனையையும் பார்த்தால் போதும்.

எந்த மண்ணுக்கு எந்தப் பூ

மேட்டுப்பாங்கான செம்மண்ணும் மணல் கலந்த செம்மண்ணும்தான் காட்டுப்பூவுக்கு எளிதான நிலம். இங்கே முதலிடம் ஆவாரைக்கு. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று மருத்துவத்துக்காகச் சொல்லிவைத்தார்கள். தோட்டத்திலும் அதன் மதிப்பு குறைந்ததில்லை. ஆளுயரம் வளரும், ஆறு மாத வறட்சியைத் தாங்கும், மஞ்சள் பூவுக்குக் கருவண்டுகள் ஓயாமல் வரும். ஆவாரை மகரந்தம் பையின் நுனித் துளை வழியாகத்தான் உதிரும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கத் தெரிந்த தேனீக்களும் கருவண்டுகளும்தான் அதை எடுக்கும். இலையில் வெளிர்பச்சை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டுப் புழுவாகும். புழுவைப் பார்த்ததும் மருந்தடிக்க ஓடக் கூடாது, செடி தானே தழைத்துக்கொள்ளும்.

ஆவாரைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குக் கொழிஞ்சியும் கிலுகிலுப்பையும் துத்தியும். அதற்கும் முன்னால், தரையோடு தரையாக விஷ்ணுகிரந்தி, ஓரிதழ்த்தாமரை, தும்பை, சிறுபூளை. விஷ்ணுகிரந்தியின் நீலப் பூ விரல் நகம் அளவுதான் இருக்கும். அதைத் தூரத்தில் நட்டால் கண்ணுக்கே தெரியாது. நடைபாதை ஓரத்துக்கு வையுங்கள். ஓரிதழ்த்தாமரையின் இளஞ்சிவப்பு இதழும் அப்படியே.

கரிசல் போன்ற கனத்த களிமண் என்றால் ஆவாரையும் துத்தியும் சமாளிக்கும். ஆடுதீண்டாப்பாளையும் அங்கே வரும். அதன் பூ அழகென்று சொல்ல முடியாது. ஆனால் கருஞ்சிறகும் சிவப்பு உடலும் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதுதான் புழு உணவு. ஒரு மூலையில் நாலு செடி இருந்தால் போதும். ஆடுதீண்டாப்பாளையை மருந்தென்று உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள், அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும்.

மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மேற்சொன்ன எதுவும் நிற்காது. அங்கே நீர்முள்ளி. ஊதா நிறப் பூ, கணுவுக்குக் கணு முள், குழந்தைகள் ஓடியாடும் இடமென்றால் வேண்டாம். கரையில் கானாவாழையும் பொடுதலையும் பரவட்டும். பொடுதலைக்கு விதை தேட வேண்டியதில்லை, ஒரு சாண் கொடியை ஈரத்தில் ஊன்றினால் பிடித்துவிடும். கடற்கரை மணலுக்கு அடம்பும் கொழிஞ்சியும் உப்புக்காற்றுக்கு அஞ்சாதவை. வேலிக்குச் சங்குப்பூவும் முடக்கத்தானும்.

செங்காந்தளைக் கேட்காதவர் இல்லை, மாநிலப் பூவாயிற்றே. அதன் விதை முளைக்க மாதக்கணக்காகும். முளைத்த செடி பூக்க மேலும் சில ஆண்டுகள் பிடிக்கலாம். ஆடியில் கிழங்கு நடுவதே சரியான வழி. கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும், எடுக்கும்போது அந்த நுனி ஒடிந்தால் கிழங்கு வீண். விதை, கிழங்கு, இலை எல்லாமே கடும் நஞ்சு. பள்ளித் தோட்டத்தில் இதையும் ஊமத்தை, குன்றிமணி, எருக்கு ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். ஆடு மாடு மேயும் இடமென்றால் கிலுகிலுப்பையும் வேண்டாம், அது கால்நடையின் ஈரலைக் கெடுக்கும்.

விதைக்கக் கூடாதவை

காட்டில் பூக்கிறது என்பதற்காக எல்லாமே விதைக்கத் தக்கவை அல்ல. உண்ணிச்செடியின் பூ கண்ணைப் பறிக்கும், அதே உண்ணிச்செடிதான் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் அடித்தளத்தை மூடிக்கிடக்கிறது. மஞ்சள் டெய்சி போலத் தரையில் படரும் வெடேலியாவை நர்சரிகள் தரைமூடி என்று விற்கின்றன. ஈரமான இடத்தில் விட்டால் வேறு எதையும் வளர விடாது. பார்த்தீனியத்தை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, ஆனால் வாங்கிய எருவோடு வந்துசேரும். அதன் நாற்று கேரட் இலை போலக் கிழிந்த இலையோடு தரையை ஒட்டிப் பரவியிருக்கும். பூப்பதற்குள் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. வண்ணத்துப்பூச்சிகள் அதில் தேன் குடிக்கின்றன என்பது உண்மை. அது தானே வரும், அதற்காக விதை சேகரிக்க வேண்டியதில்லை.

விதை சேகரிப்பு

சந்தையில் எளிதாகக் கிடைப்பவை சிலதான். பசுந்தாள் உரத்துக்காகக் கொழிஞ்சி விதையும், மரபு விதை விற்பவர்களிடம் சங்குப்பூ, முடக்கத்தான், துத்தி விதையும் கிடைக்கும். மற்றவற்றை நாமே எடுக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது, சட்டப்படி குற்றம். சாலையோரம், ஏரிக்கரை, தெரிந்தவர் நிலம் போதும். மருந்து தெளித்த வயலின் வரப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே செடியில் உள்ள எல்லாக் காயையும் பறித்து வருவது வழக்கமான தவறு. ஒரு செடியின் விதை ஒரே குணத்தைத்தான் கொண்டுவரும். ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து போகும். இருபது, முப்பது செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அங்கே உள்ள விதையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மீதி அந்த நிலத்துக்கு.

முற்றியதை அறிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. கிலுகிலுப்பையை ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கும். துத்திக்காயின் சக்கரம் கறுத்து, பல் விரியத் தொடங்கும். தும்பையின் உருண்டைக் கொத்து பழுப்பானதும் காகிதத்தின் மேல் தலைகீழாகத் தட்டினால் பொடி விதை உதிரும். காசித்தும்பைக் காய் தொட்டாலே வெடித்துச் சிதறும், அதனால் முற்றுவதற்கு முன்பே மெல்லிய துணிப்பையை மாட்டிவிட வேண்டும். கொங்குப் பக்கத்தில் போகியன்று வேப்பிலை, ஆவாரையோடு காப்புக் கட்டும் சிறுபூளைக் கதிரைக் கவனித்திருப்பீர்கள். முற்றிய கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதினால் பஞ்சு பறந்து, கருத்த பளபளப்பான பொடி விதை மிஞ்சும்.

ஈரத்திலிருந்து விதையைக் காப்பது

கடலோரத்தில் விதை கெடுவது பெரும்பாலும் பெட்டிக்குள்ளேதான். மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். காகிதப் பொட்டலத்தில் வைத்த விதை அந்த ஈரத்தை உறிஞ்சி, உள்ளுக்குள் மூச்சுவிட்டு, சில மாதத்தில் உயிரை இழக்கும். வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதைக் கிடங்குகளில் பல காலமாகப் பின்பற்றும் கணக்கு.

காய வைப்பது நிழலில், காற்றோட்டத்தில், முறத்திலோ துணியிலோ. நடுப்பகல் வெயிலில் மொட்டைமாடிச் சிமெண்ட் தரையில் போட்டால் கரு வெந்துவிடும். நாலைந்து நாள் கழித்துக் கடித்துப் பாருங்கள். பெரிய விதை பல்லுக்கு நசுங்காமல் 'டக்' என்று உடைய வேண்டும். நஞ்சுள்ள விதைகளை இப்படிச் சோதிக்கக் கூடாது, அவற்றைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பிறகு இறுக்கி மூடும் கண்ணாடிப் புட்டியில், அடியில் கால் பங்கு உலர்த்தி போட்டு வையுங்கள். சிலிக்கா ஜெல் இல்லையென்றால் அரிசியைப் பழுப்பாகும் வரை வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, துணியில் முடிந்து போடலாம். அதன் மேல் விதைப் பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர், இடம், மாதம். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் எடுத்ததும் புட்டியைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள், இல்லாவிட்டால் கடலோரக் காற்று விதையின் மேல் பனியாகப் படியும்.

ஆவாரை, கிலுகிலுப்பை, கொழிஞ்சிக் காய்களுக்குள் வண்டின் முட்டை சேர்ந்தே வரும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் விதைக்கு விதை ஓட்டை. முழுதாகக் காய்ந்த விதையை ஒரு வாரம் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் புழு செத்துப்போகும். ஈரமான விதையை அங்கே வைத்தால் விதையே செத்துவிடும்.

முளைப்புச் சோதனை

காட்டு விதைக்குச் சான்றட்டை கிடையாது. ஐம்பது விதையை எண்ணி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயாமல் தெளித்துக்கொண்டே வந்து, பதினான்காம் நாள் எண்ணுங்கள். 30 முளைத்தால் 60 சதவீதம். அதைச் சராசரியாகக் கொள்ளலாம். 15 தான் என்றால் விதை அளவை இரட்டிப்பாக்குங்கள். ஐந்துக்கும் கீழே போனால் விதைத்துப் பயனில்லை.

ஆனால் முளைக்காத விதையெல்லாம் செத்த விதை அல்ல. துணியில் இரண்டு வாரமாகியும் கல் போலக் கிடப்பது தூங்கும் விதை. நசுக்கினால் கூழாவது செத்தது. நல்வேளை, நாய்வேளை என்னும் பூச்செடிகளின் விதை, புதிதாகப் பறித்ததும் அவ்வளவாக முளைக்காது. மூன்று நான்கு மாதம் உலர்ந்து கிடந்தபின் முளைக்கும்.

தோல் கடினமான விதைகளைத் தட்டி எழுப்ப வேண்டும். ஆவாரை, கொழிஞ்சி, கிலுகிலுப்பை, சங்குப்பூ, துத்தி, விஷ்ணுகிரந்தி எல்லாம் இந்த வகை. குறைவான விதையென்றால் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு. மேல் தோல் மங்கினால் போதும், உள்ளே வெள்ளை தெரியக் கூடாது. நிறைய இருந்தால் வெந்நீர்: தண்ணீர் கொதித்ததும் இறக்கி மூன்று, நான்கு நிமிடம் விட்டு, விதையின் பத்து மடங்கு அளவு ஊற்றி, அப்படியே ஆறவிட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பியதை விதைக்கலாம், உப்பாததை இன்னொரு முறை. எல்லா விதையையும் ஒரே நேரத்தில் வெந்நீரில் போட வேண்டாம், இருபதைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள். தும்பை, சிறுபூளை, நாய்வேளை போன்ற பொடி விதைக்கு வெந்நீர் ஆகாது. நீர்முள்ளி விதை தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும், அதைக் காய்ந்தபடியேதான் தூவ வேண்டும்.

நிலமும் நாளும்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னதற்குக் காட்டுப்பூவும் விலக்கல்ல. ஆடிக் கடைசியிலிருந்து ஆவணி நடுவரை விதைத்தால், ஐப்பசி அடைமழைக்கு முன் ஆறு முதல் எட்டு வாரம் கிடைக்கும். வேர் ஒரு சாண் இறங்கிவிடும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் முதல் பெருமழையே விதையைச் சாக்கடைக்கு அடித்துப்போகும்.

விதைப்புக்கு ஆறு வாரம் முன்பே நிலத்தைத் தயாராக்க வேண்டும். கோரைக்கிழங்கையும் அருகையும் மண்வெட்டியால் புரட்டிக் கையால் பொறுக்குங்கள், இதில் சுருக்குவழி கிடையாது. பின் மட்டப்படுத்தித் தண்ணீர் விடுங்கள். பத்து நாளில் களை முளைக்கும். கொத்தாமல் மேலாக மட்டும் சுரண்டி எடுங்கள். ஆழக் கொத்தினால் அடியிலுள்ள களைவிதை மேலே வரும். மறுபடி தண்ணீர், மறுபடி சுரண்டல். எருவோ உரமோ போட வேண்டாம். கொழுத்த மண்ணில் களைதான் முந்தும். ஆவாரையும் கொழிஞ்சியும் ஏழை மண்ணுக்குப் பழகியவை, கொழிஞ்சி தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே வேர்முடிச்சில் சேர்த்துக்கொள்ளும்.

கால் சென்ட், அதாவது சுமார் பத்து சதுர மீட்டர் மேட்டுச் செம்மண்ணுக்கு ஓர் அளவு: ஆவாரை 20 விதை, கிலுகிலுப்பை 15, துத்தி 15, வேலியோரம் சங்குப்பூ 10, கொழிஞ்சி ஒரு தேக்கரண்டி, தும்பை ஒரு தேக்கரண்டி, விஷ்ணுகிரந்தி அரைத் தேக்கரண்டி, நாய்வேளை கால் தேக்கரண்டி, சிறுபூளை ஒரு சிட்டிகை. நாய்வேளையைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள், முதல் ஆண்டில் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பெரிய விதைகளை முதலில் ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். ஆவாரைக்கு மூன்றடி இடைவெளி, ஒரு குழிக்கு மூன்று விதை. பொடி விதையை அதன் பத்து மடங்கு காய்ந்த ஆற்றுமணலோடு கலந்து, பாதியை வடக்கு தெற்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் நடந்து தூவுங்கள். மணல் விழுந்த இடம் வெளுத்துத் தெரியும், விட்டுப்போன இடமும் தெரியும். மேலே மண் போட்டு மூட வேண்டாம். பலகை வைத்து மிதித்து, விதையை மண்ணோடு அழுத்துங்கள். பூவாளியில் மெல்லத் தண்ணீர்.

ஒவ்வொரு வகையிலும் ஒரு சிட்டிகையை எடுத்துப் பெயரெழுதிய சிறு தொட்டிகளில் தனியே போட்டுவையுங்கள். நிலத்தில் முளைப்பது தும்பையா களையா என்று சந்தேகம் வரும்போது, அந்தத் தொட்டி நாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பிடுங்கலாம். இதைச் செய்யாதவர்கள் தங்கள் பூச்செடியைத் தாங்களே களையெடுத்துவிடுகிறார்கள்.

விதைப்பந்து பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆவாரை போன்ற பெரிய விதைக்கு, ஆள் புக முடியாத சரிவில் வீச அது உதவும். தும்பை, சிறுபூளை போன்ற பொடி விதை களிமண் உருண்டைக்கு நடுவில் சிக்கினால் வெளிச்சமின்றி அங்கேயே முடிந்துவிடும். ஒரு பந்தில் பத்து விதை திணித்தால் பத்தும் ஒரே இடத்தில் முளைத்து ஒன்றையொன்று நெரிக்கும். வீட்டு நிலத்துக்குக் கையால் தூவுவதே சிறந்தது.

எங்கே தவறும்

மூன்றாம் நாளே எறும்பு சாரை கட்டும். தூவும் மணலோடு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குப் பொடியைக் கலந்தால் பெருமளவு விலகும். மைனாவும் புறாவும் வந்தால் முதல் இரண்டு வாரம் தென்னை ஓலையைத் தரைக்கு ஓரடி உயரத்தில் பரப்பிவைத்து, இரண்டாம் இலை விட்டதும் எடுத்துவிடுங்கள்.

முளைத்த நாற்று தரைமட்டத்தில் நீர்த்துப் போனது போல மெலிந்து, கொத்தாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரக்காற்றில் இதுதான் முதல் எதிரி. மாலையில் தண்ணீர் விடுவதும், நெருக்கமாக விதைப்பதுமே பெரும்பாலும் காரணம். காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். மண் மேல்பகுதி காய்ந்த பின்பே அடுத்த தண்ணீர். விதைக்கும் முன், அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை விதையோடு கலப்பது நல்ல காப்பு. கிலோவுக்கு 4 கிராம் என்பது கணக்கு, நம்முடைய 50 கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை. வெந்நீரில் ஊறிய விதை என்றால் ஆறி, நீர் வடிந்தபின் கலக்க வேண்டும்.

ஐப்பசியில் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நின்றால் ஆவாரையும் விஷ்ணுகிரந்தியும் மஞ்சளாகும். அதனால் பாத்தியைத் தரைக்கு மேல் ஒரு சாண் உயர்த்தி, நடுவில் சற்று மேடாக, ஓரத்தில் வாய்க்காலோடு அமையுங்கள். களிமண் நிலத்தில் இது கட்டாயம்.

கார்த்திகையில் நாய்வேளையும் தும்பையும் பூக்கத் தொடங்கும். ஆவாரை முதல் ஆண்டில் அதிகம் பூக்காது, இரண்டாம் ஆண்டில்தான் தன் உருவத்துக்கு வரும். பங்குனி வெயிலில் தும்பை, நாய்வேளை எல்லாம் காய்ந்து நிலம் கைவிட்டது போலத் தெரியும். அப்போது பெருக்கிச் சுத்தம் செய்யக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக் காயை அடுத்த ஆண்டுக்காகப் பறித்துப் புட்டியில் அடைத்துவிட்டு, மீதியை நின்றபடியே உதிரவிடுங்கள். விதை முழுதும் கொட்டிய பின், சித்திரைக் கோடைமழைக்கு முன் காய்ந்த தண்டை ஒரு சாண் உயரம் விட்டு அறுத்து, அங்கேயே பரப்புங்கள். அந்தத் தண்டின் துளைகளில் சிறு தேனீக்கள் கூடு வைத்திருக்கக்கூடும், அதனால் எரிக்க வேண்டாம்.